பிஹெச் 6.98: இடுப்பெலும்பு உடைந்து வந்தவரின் இரத்த அமிலமும் அதற்கான சிகிச்சையும்

விபத்தில் அடிபட்டு இரத்தம் இழந்து வருபவரின் ஏபிஜி (தமனி இரத்தத்தின் அமில, வாயு அளவுகளைக் காட்டும் சோதனை) தாளில், இயல்பாக 7.4ஐ ஒட்டி இருக்க வேண்டிய பிஹெச் 7.0க்குக் கீழே இருந்தால், அதாவது இரத்தம் கடுமையாக அமிலமாகியிருந்தால், வார்டில் பலருடைய கை முதலில் அமிலத்தை முறிக்கும் சோடா பைகார்ப் (சோடியம் பைகார்பனேட்) ஆம்ப்யூலைத்தான் தேடும். அது ஏன் முதல் மருந்தாக முடியாது, எப்போது உண்மையிலேயே தேவைப்படுகிறது, அதற்கு முன்பு செய்ய வேண்டியவை எவை என்பதை ஒரு நோயாளியை முன்வைத்துப் பார்க்கலாம். ஐசியூவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்யும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். கீழே வருவது ஒரே மனிதரின் கேஸ் ஷீட் அல்ல. இதே வகைக் காயத்தோடு வருபவர்களிடம் காண்பவற்றைச் சேர்த்து, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு.

நோயாளி

38 வயது ஆண். எடை சுமார் 70 கிலோ. சர்க்கரை நோய் இல்லை, மது அருந்தியிருக்கவில்லை. இரவு நேரத்தில் நான்குவழிச் சாலையில் பைக்கில் போனவரை லாரி இடித்துத் தள்ளி, சக்கரம் இடுப்போரமாக ஏறி இறங்கியிருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் அவரை அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் சேர்த்தது. அங்கே இரத்த வங்கியும் இல்லை, இரவில் அறுவை மருத்துவரும் இல்லை. இரண்டு கைகளிலும் ஊசி போட்டு, மூன்று லிட்டர் நார்மல் சலைன் ஏற்றி, ஆக்சிஜன் மாஸ்க்கோடு மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது விபத்து நடந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது.

நாடி 148. பிபி 68/40. மூச்சு நிமிடத்துக்கு 38. உடல் வெப்பம் 34.6 டிகிரி செல்சியஸ். பெயரைக் கேட்டால் சொன்னார், இது எந்த இடம் என்று கேட்டால் குழம்பினார். உணர்வு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண் 15க்கு 12. கை கால் சில்லிட்டு, உள்ளங்கை வெளுத்திருந்தது. எக்ஸ்ரேயில் இடுப்பு வளையம் முன்புறம் பிளந்து விரிந்திருந்தது. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. இஃபாஸ்ட் ஸ்கேனில் (வயிற்றிலும் நெஞ்சிலும் இரத்தம், காற்று உண்டா என்று விரைவாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) மண்ணீரலைச் சுற்றி இரத்தம் தெரிந்தது. நெஞ்சில் இரத்தமோ காற்றோ இல்லை.

வந்தவுடன் செய்த முதல் வேலை இடுப்பைக் கட்டியது. பெல்விக் பைண்டர் இல்லாத இடத்தில் மடித்த பெட்ஷீட் போதும். ஆனால் கட்டும் இடம் முக்கியம். தொடை எலும்பின் மேல்முனை இரு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அந்த மட்டத்தில் இறுக்க வேண்டும். அதற்கு மேலே, வயிற்றைச் சுற்றி வேட்டி கட்டுவது போலக் கட்டினால் இடுப்பு மூடாது. இரண்டு முழங்கால்களையும் உள்நோக்கித் திருப்பிச் சேர்த்துக் கட்டுவதும் உதவும். மருந்து எதுவும் தேவைப்படாத இந்தக் காரியத்தை முதல் மருத்துவமனையிலேயே, ஏன், ஆம்புலன்ஸிலேயே செய்திருக்க முடியும். இவருடைய இரத்தம் அமிலமாவதற்கு எதிரான முதல் சிகிச்சையும் அதுவே.

முதல் ஏபிஜி

பிஹெச் 6.98. கரியமில வாயு 24. பைகார்பனேட் 5.5. பேஸ் டெஃபிசிட் (காரக் குறைவு) 23. லாக்டேட் 13.8. சோடியம் 141, குளோரைடு 114, பொட்டாசியம் 5.6. அயனியாக்கப்பட்ட கால்சியம் 0.86. ஹீமோகுளோபின் 7.2. சர்க்கரை 230.

இந்தத் தாளில் மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, லாக்டேட். திசுக்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் குளுக்கோஸை உடைத்து ஓட்டும்போது லாக்டேட்டும் ஹைட்ரஜன் அயனியும் மிஞ்சுகின்றன. வழக்கமாக லாக்டேட் 2 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். 13.8 என்றால் உடல் நீண்ட நேரமாகக் கடனில் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை 230 ஆக இருந்ததை நீரிழிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்ரீனலின் பெருகும்போது சர்க்கரை ஏறும். கீட்டோனை அதற்கான பட்டை போடக்கூடிய மீட்டரில் படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம், இவருக்கு இல்லை.

இரண்டாவது, குளோரைடு. இதைப் பலர் கவனிப்பதில்லை. அனையான் கேப்பை (தாளில் நேரடியாகக் காட்டப்படாத அமிலங்களின் அளவை உணர்த்தும் இடைவெளி) கணக்கிட்டால் 141இலிருந்து 114ஐயும் 5.5ஐயும் கழிக்க, 21.5 வருகிறது. இவ்வளவு சலைன் ஏறி ஆல்புமின் நீர்த்துப்போனவரிடம் இயல்பான கேப் 8 அளவில்தான் இருக்கும். ஆக, லாக்டேட் முதலிய அமிலங்களால் கூடியது சுமார் 13. பைகார்பனேட்டோ 24இலிருந்து 5.5க்கு, அதாவது 18க்கும் மேல் விழுந்திருக்கிறது. மிச்சம் இருக்கும் 5 எங்கிருந்து வந்தது? சலைனிலிருந்து. நார்மல் சலைன் ஒரு லிட்டரில் சோடியமும் 154, குளோரைடும் 154. நம் பிளாஸ்மாவில் குளோரைடு 100ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மூன்று லிட்டர் ஏற்றினால் குளோரைடு உயரும், பைகார்பனேட் தாழும். பெயர்தான் நார்மல், இரத்தம் இழந்தவருக்கு அது அமிலத்தைக் கூட்டும் திரவம். கூடவே உறைகாரணிகளை நீர்க்கச் செய்து, குளிரையும் ஏற்றுகிறது.

இங்கே ஒரு கேள்வி அடிக்கடி வரும்: லாக்டேட் உயர்ந்தவருக்கு ரிங்கர் லாக்டேட் கொடுக்கலாமா? கொடுக்கலாம். அந்தப் பாட்டிலில் இருப்பது சோடியம் லாக்டேட், லாக்டிக் அமிலம் அல்ல. கல்லீரல் அதை எரிக்கும்போது பைகார்பனேட்தான் உருவாகிறது. குளோரைடும் அதில் 110 அளவே. ஆனால் இரத்தம் கொட்டுபவருக்கு எந்தத் தெளிந்த திரவமும் இரத்தத்துக்கு ஈடில்லை. ரிங்கர் லாக்டேட்டை, இரத்தம் வந்து சேரும் வரை பிபியைப் பிடித்து வைக்க மட்டும், கால் லிட்டர் கால் லிட்டராகக் கொடுப்பது என் வழக்கம். தலைக்காயம் இல்லாதவருக்கு, இரத்தக்கசிவு அடைபடும் வரை சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 80 முதல் 90 வரை போதும்.

மூன்றாவது செய்தி கரியமில வாயு. 24 என்பதைப் பார்த்தவுடன், நன்றாகத்தான் மூச்சு விடுகிறார் என்று தோன்றும். ஆனால் பைகார்பனேட் 5.5 உள்ளவர் எந்த அளவுக்குக் கரியமில வாயுவை ஊதித் தள்ளியிருக்க வேண்டும்? விண்டர்ஸ் சூத்திரப்படி, பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்ட வேண்டும். ஏறத்தாழ 16. இவரிடம் 24 இருக்கிறது. நிமிடத்துக்கு 38 முறை மூச்சு விட்டும் ஈடுகட்ட முடியவில்லை. களைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் சிறிது நேரத்தில் மூச்சு தளரும், அப்போது பிஹெச் ஒரேயடியாகச் சரியும்.

குழாய் போடும் நேரம்

எனக்கு மிகவும் கவலை தரும் கட்டம் இதுதான். இப்படிப்பட்ட நோயாளிகளை நாம் இழக்கும் இடங்களில் மூச்சுக்குழாயில் குழாய் போடும் அந்தச் சில நிமிடங்களும் ஒன்று. இரத்தம் போனதால் அல்லாமல், நாம் வைத்த செட்டிங்கால் இழக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்த கணமே அவருடைய 38 மூச்சும் நின்றுபோகிறது. குழாய் போட்டு, வழக்கமான 14 மூச்சு, 450 மில்லி என்று வென்டிலேட்டரை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினால், கரியமில வாயு 40க்குப் போகும். இவருடைய பைகார்பனேட்டுக்கு அந்த நிலையில் பிஹெச் 6.8 அளவுக்கு இறங்கிவிடும். மருந்தால் இரத்தக் குழாய்களும் தளர்ந்திருக்கும். நெஞ்சுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைந்திருக்கும். மூன்றும் சேர்ந்தால் இதயம் நிற்கும்.

ஆகவே இவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் குழாய் போடவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு யூனிட் ஓ வகை இரத்தத்தை வேகமாக ஏற்றிக்கொண்டு தியேட்டருக்குக் கொண்டு போனோம். ஓ நெகட்டிவ் கிடைப்பது நம் ஊரில் எப்போதும் தட்டுப்பாடு. ஆண் நோயாளிக்கு, வகை தெரியும் வரை ஓ பாசிட்டிவ் கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். வயிற்றில் மருந்து பூசி, துணி போர்த்தி, அறுவை மருத்துவர் கையுறையோடு நின்ற பிறகுதான் மயக்கம் கொடுத்தது. கெட்டமைன் 35 மில்லிகிராம், வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவு. ரோகுரோனியம் மட்டும் குறைக்காமல் 90 மில்லிகிராம். இரத்த ஓட்டம் மந்தமாக இருக்கும்போது தசைத்தளர்வு மருந்து வேலை செய்யத் தாமதமாகும். தளர்வு வரும் வரை சும்மா காத்திருக்காமல் பேக்கால் மென்மையாக மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தோம். நிறைந்த வயிறு என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த பிஹெச்சில் ஒரு நிமிடம் மூச்சில்லாமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

வென்டிலேட்டரில் மூச்சு 30, ஒவ்வொன்றும் 480 மில்லி. நிமிடத்துக்கு 14 லிட்டருக்கு மேல். இவ்வளவு வேகத்தில் மூச்சு முழுமையாக வெளியேறுகிறதா என்று திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியேறாமல் தேங்கினால் நெஞ்சு அழுத்தம் கூடி பிபி விழும். இன்னொன்று: வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் 14 என்று காட்டியது, அதே நேரம் எடுத்த ஏபிஜியில் கரியமில வாயு 29. நுரையீரலுக்கு இரத்தம் போதாமல் போகும்போது இந்த இடைவெளி விரியும். திரையில் 14ஐப் பார்த்து, அதிகமாக ஊதுகிறோமே என்று மூச்சைக் குறைத்திருந்தால் கெடுதல் செய்திருப்போம். அந்த ஏபிஜியில் பிஹெச் 6.93.

இதே நோயாளிக்கு மூளையிலும் காயம் இருந்தால் நிலைமை சிக்கலாகிவிடும். கரியமில வாயுவைக் குறைத்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கூட விட்டால் மூளை வீக்கமும் ஏறும், பிஹெச்சும் சரியும். அப்படிப்பட்டவரிடம் 80 சிஸ்டாலிக் போதும் என்ற விதியும் செல்லாது. இவருக்கு அறுவைக்குப் பின் எடுத்த சிடியில் மூளை சுத்தமாக இருந்தது. குழப்பத்துக்குக் காரணம் இரத்தமின்மை மட்டுமே.

தியேட்டரில்

டேமேஜ் கன்ட்ரோல் சர்ஜரி என்ற முறை பெயர் பெற்றது 1993இல், பென்சில்வேனியா பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் எழுதிய கட்டுரையால். அதற்கு முன்பே 1983இல் ஸ்டோன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இதே வழியைக் காட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சீராக்க முயலாமல், கசிவை நிறுத்தி, குடலிலிருந்து வழியும் அழுக்கை அடைத்து, வயிற்றைத் திறந்தபடி ஐசியூவுக்கு அனுப்புவது. உடல் சூடாகி, இரத்தம் உறையத் தொடங்கி, அமிலம் இறங்கிய பிறகு மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுவருவது. குளிர், அமிலம், உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். பிஹெச் 7.4இலிருந்து 7.0க்கு இறங்கும்போது ஏழாம் உறைகாரணியின் வேகம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மண்ணீரல் எடுக்கப்பட்டது. இடுப்பெலும்புக்கு முன்புறம், வயிற்று உறைக்கு வெளியே, பஞ்சுத்துணிகளை அடைத்து அழுத்தினார்கள். வெளியிலிருந்து கம்பி பொருத்தி இடுப்பை மூடினார்கள். தொடைக்கு இழுவை மட்டும். வயிற்றை மூடாமல், சுத்தம் செய்த பிளாஸ்டிக் பையை வெட்டி ஓரங்களில் தைத்தார்கள். போகோட்டா பை என்ற இந்த எளிய ஏற்பாட்டுக்கு, பை ஒளி ஊடுருவக்கூடியது என்ற ஒரு பெருவசதி உண்டு. அது பின்னால் பயன்பட்டது. எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்குள்.

இரத்தம், பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் ஏறக்குறைய சம விகிதத்தில் ஏற்றினோம். 2015இல் வெளியான ப்ராப்பர் ஆய்வில், வட அமெரிக்காவின் 12 மையங்களில் 680 பேரிடம் சம விகிதத்தையும், சிவப்பணு இரட்டிப்பாக உள்ள விகிதத்தையும் ஒப்பிட்டார்கள். ஒட்டுமொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் முதல் நாளில் இரத்தம் வடிந்தே இறந்தவர்கள் சம விகிதக் குழுவில் குறைவு, 9.2க்கு 14.6 சதவீதம். உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், மூன்று மணி நேர எல்லைக்குள் கொடுக்கப்பட்டது. 2010இன் க்ராஷ்-2 ஆய்வில் 20,000க்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள், இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் ஏராளமானோர். அதன் மலிவையும் பயனையும் பார்த்தால், அனுப்பும் மருத்துவமனையிலேயே இதைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் சொல்வேன்.

கால்சியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலுக்குள் வந்ததும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல கல்லீரல் அதை விரைவாக எரித்துவிடும். சில்லிட்டு, இரத்தமின்றி இருக்கும் கல்லீரலால் முடியாது. கால்சியம் இல்லாமல் இதயமும் சுருங்காது, இரத்தமும் உறையாது. இவருக்கு வந்தபோதே 0.86. முதல் இரண்டு யூனிட்டோடு பத்து சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 30 மில்லி கொடுத்தோம். பிறகு ஒவ்வொரு ஏபிஜியிலும் பார்த்து 1.1க்கு மேல் வைத்தோம். பத்து மில்லி கால்சியம் குளோரைடில் இருக்கும் கால்சியம், அதே அளவு குளுக்கோனேட்டில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஆம்ப்யூலைப் பார்த்து எண்ணுங்கள்.

சோடா பைகார்ப்

அறுவை நடந்துகொண்டிருக்கும்போது மானிட்டரில் ஓடும் இசிஜியில் இதயத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலை அகலமானது, டி அலை கூர்ந்து உயர்ந்தது, பொட்டாசியம் உயர்வதன் அறிகுறிகள் இவை. ஏபிஜியில் பிஹெச் 6.91, கரியமில வாயு 30, பொட்டாசியம் 6.9, லாக்டேட் 14.9. பழைய இரத்தப் பைகளில் பொட்டாசியம் கசிந்திருக்கும். வேகமாக ஏற்றும்போது அது ஏறும், சிறுநீரும் வரவில்லை.

இங்கேதான் பைகார்பனேட் கொடுத்தோம். நம்மிடம் கிடைப்பது 7.5 சதவீதக் கரைசல், ஒரு மில்லியில் சுமார் 0.9 மில்லி ஈக்விவலன்ட். 100 மில்லியை 20 நிமிடத்தில், கால்சியம் போகும் லைனில் கலக்காமல் வேறு லைனில் கொடுத்தோம். இரண்டும் சேர்ந்தால் சுண்ணாம்பாகத் திரியும். கால்சியம், இன்சுலின், குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்தோம். மூச்சை 34க்கு ஏற்றினோம். காரணம், பைகார்பனேட் அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு உருவாகிறது. அதை நுரையீரல் வழியாக வெளியேற்ற முடியாவிட்டால் அது செல்களுக்குள் புகுந்து உள்ளே அமிலத்தைக் கூட்டும். மூச்சு போதாதவருக்கு பைகார்பனேட் கொடுப்பதால் பயனில்லை.

அரை மணி நேரத்தில் பிஹெச் 7.05, பைகார்பனேட் 8, பொட்டாசியம் 5.8. கியூஆர்எஸ் சுருங்கியது. லாக்டேட் 14.9 அப்படியே இருந்தது. இதயத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. நோய் ஓர் அங்குலமும் நகரவில்லை.

பைகார்பனேட்டின் வரலாறு முதல் உலகப் போர் வரை போகிறது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், 1917இல் பிரான்சின் பெத்யூன் பகுதியில் காயம்பட்ட வீரர்களின் இரத்தத்தில் காரக் கையிருப்பு (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) குறைந்திருப்பதை அளந்தார். பிபி எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு காரமும் குறைந்தது. அவர்களுக்கு சோடியம் பைகார்பனேட்டை சிரையில் கொடுத்துப் பார்த்தார். அமிலமே அதிர்ச்சிக்குக் காரணமோ என்று அப்போது எண்ண இடமிருந்தது. அது விளைவு என்ற புரிதல் பின்னால் வலுத்தது. அதே கேனன் 1918இல் எழுதிய இன்னொன்று இன்றைக்கும் நேராகப் பொருந்துகிறது. அறுவை மருத்துவர் கசிவை அடைக்கத் தயாராகும் முன் பிபியை உயர்த்தினால், மிக வேண்டிய இரத்தம் வெளியே போய்விடும் என்று எச்சரித்தார்.

1990இல், லாக்டேட் உயர்ந்த 14 ஐசியூ நோயாளிகளிடம் பைகார்பனேட்டையும் அதே அடர்த்தியுள்ள உப்புக் கரைசலையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு ஒன்று வந்தது. பைகார்பனேட் பிஹெச்சை உயர்த்தியது. இதயத்தின் வேலையில் உப்புக் கரைசலைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அயனியாக்கப்பட்ட கால்சியத்தைக் குறைத்தது. 2018இல் பிரான்சின் 26 ஐசியூக்களில் 389 பேரிடம் நடந்த பைகார்-ஐசியூ ஆய்விலும் ஒட்டுமொத்தமாகப் பயன் நிறுவப்படவில்லை. சிறுநீரகம் கணிசமாகப் பழுதானவர்களிடம் மட்டும் 28ஆம் நாள் இறப்பு 63இலிருந்து 46 சதவீதமாகக் குறைவாக இருந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் கிருமித்தொற்றால் வந்தவர்கள். இரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது சரியில்லை. உறைதலுக்காவது உதவுமா என்றால், பன்றிகளில் பைகார்பனேட்டால் பிஹெச்சைச் சரிசெய்தும் உறைதல் மீளவில்லை.

ஆக, அடிபட்டு வந்தவரிடம் நான் பைகார்பனேட்டை எடுக்கும் சூழல்கள் குறைவு. பொட்டாசியம் உயர்ந்து இசிஜி மாறியிருந்தால் எடுப்பேன். பிஹெச் 7.0ஐ ஒட்டி, பிபியை உயர்த்தும் நார்அட்ரீனலினுக்கு இரத்தக் குழாய்கள் ஒத்துழைக்காமல், அறுவை மருத்துவரின் கை கசிவின் மீது ஏற்கெனவே இருக்கும்போது, பத்திருபது நிமிடம் வாங்கித் தர எடுப்பேன். நசுங்கிய தசையோ செயலிழந்த சிறுநீரகமோ காரணமாக இருந்தால் இன்னும் தாராளமாக எடுப்பேன். கசிவு எங்கே என்றே தெரியாத நிலையில் எடுக்க மாட்டேன்.

ஆறாவது மணி நேரம்

ஐசியூவுக்கு வந்தபோது பிஹெச் 7.12, லாக்டேட் 11.2. சூடான காற்றுப் போர்வை போட்டு, இரத்தத்தைச் சூடாக்கிக் கொடுத்து 36 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் 92 ஆகக் குறைந்திருந்ததால், அது செறிந்த க்ரையோ பத்து பைகள். நான்கு மணி நேரத்தில் லாக்டேட் 8.1. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. வெளியே காத்திருந்த அவருடைய மைத்துனர், "மச்சான் பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்று கேட்டார். "இன்னும் சொல்ல முடியாதுங்க. இறங்க வேண்டிய ஒரு எண் இறங்கிட்டு வருது, காலை வரைக்கும் இறங்கணும்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பதற்றமும் அவரிடம் இருந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழியிருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்பினோம். இதை உறவினரிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஆறாவது மணி நேர ஏபிஜியில் பிஹெச் 7.24. முந்தையதைவிட மேல். லாக்டேட்டோ 9.4.

டியூட்டியில் இருந்த முதுநிலை மாணவர், "சார், பிஹெச் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு ஆம்ப்யூல் பைகார்ப் போட்டா 7.3 வந்துடும்" என்றார். அவர் சொன்ன கணக்கு சரி. அப்படிப் போட்டிருந்தால் பிஹெச்சைப் பச்சை நிறமாக்கி, லாக்டேட் தந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டிருப்போம். பிஹெச் ஏறியதற்குக் காரணம் நாங்கள் கொடுத்த பைகார்பனேட்டும், வென்டிலேட்டரும், எரியத் தொடங்கிய சிட்ரேட்டும். லாக்டேட் ஏறியதற்குக் காரணம் வேறு.

தேடினோம். அட்ரீனலின் கொடுக்கவில்லை, அதுவும் லாக்டேட்டை ஏற்றும். போகோட்டா பை வழியாகப் பார்த்தால் குடல் இளஞ்சிவப்பாக இருந்தது, குடல் அழுகவில்லை. சிறுநீர்ப்பை வழியே அளந்த வயிற்று அழுத்தம் 16. வயிறு இறுகிச் சிறுநீரகத்தை நசுக்கும் அளவு இல்லை. தொடையும் கெண்டைக்காலும் மெத்தென்று இருந்தன. ஹீமோகுளோபின் மட்டும், இரண்டு யூனிட் ஏற்றியும், 9.4இலிருந்து 7.9. நார்அட்ரீனலின் அளவு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பிபி 104 என்று அழகாகக் காட்டியது அதனால்தான்.

இடுப்புக்குள் அடைத்த துணி, சிரைகளிலிருந்தும் உடைந்த எலும்பிலிருந்தும் வரும் கசிவை நிறுத்தும். இடுப்பு முறிவில் பெரும்பாலான இரத்தம் அவற்றிலிருந்துதான் வருகிறது. தமனி ஒன்று கிழிந்திருந்தால் அந்த அழுத்தத்தை மீறிக் கசியும். இரத்தக் குழாய்க்குள் குழாய் செலுத்திக் கசிவை அடைக்கும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி பிரிவுக்குக் கொண்டு போனோம். இன்டர்னல் இலியாக் தமனியின் கிளை ஒன்றிலிருந்து சாயம் வெளியே வழிவது தெரிந்தது. அடைத்தார்கள். போகும் வழி முழுவதும் இரத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. பைகார்பனேட் ஒரு சொட்டும் அதற்குப் பின் கொடுக்கவில்லை.

அடைத்து எட்டு மணி நேரத்தில் லாக்டேட் 4.6, பிஹெச் 7.33. விபத்துக்கு அடுத்த நாள் நள்ளிரவு தாண்டி 2.3. 1993இல் வெளியான அப்ரம்சனின் ஆய்வில் 76 விபத்து நோயாளிகளின் லாக்டேட்டைத் தொடர்ந்து அளந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் இயல்புக்கு வந்தவர்கள் அனைவரும் பிழைத்தார்கள். 48 மணி நேரத்திலும் வராதவர்களில் பிழைத்தவர்கள் 14 சதவீதம் மட்டுமே. நம் நோயாளி அந்த முதல் கோட்டை ஒட்டி வந்தார்.

அதன் பிறகு

இரண்டாம் நாள் முடிவில் துணிகளை எடுத்து வயிற்றை மூடினார்கள். நான்காம் நாள் தொடையில் கம்பி. ஆறாம் நாள் இடுப்புக்குப் பிளேட். கிரியாட்டினின் 2.4 வரை போய், டயாலிசிஸ் இல்லாமல் இறங்கியது. மண்ணீரல் எடுத்தவர் என்பதால் வீட்டுக்கு அனுப்பும் முன் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தடுப்பூசிகள்.

நான்காம் நாள் காலை ஏபிஜி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பிஹெச் 7.51, பைகார்பனேட் 33, பொட்டாசியம் 2.9. அமிலத்தில் வந்தவர் காரத்துக்குப் போயிருந்தார். ஏற்றிய இருபதுக்கும் மேற்பட்ட இரத்த, பிளாஸ்மா பைகளின் சிட்ரேட் முழுவதையும், இப்போது சூடாகவும் செழிப்பாகவும் இருக்கும் கல்லீரல் எரித்துவிட்டது. ஒரு சிட்ரேட் எரிந்தால் மூன்று பைகார்பனேட். தேங்கிய லாக்டேட்டும் அப்படியே பைகார்பனேட்டாகத் திரும்பிவிட்டது. வீக்கத்தைக் குறைக்கக் கொடுத்த, சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடும் தன் பங்கைச் சேர்த்தது. முதல் இரவில் பிஹெச்சைத் துரத்திக்கொண்டு ஆம்ப்யூல் ஆம்ப்யூலாகக் கொடுத்திருந்தால் இந்த 33 இன்னும் எங்கேயோ போயிருக்கும். மூச்சு மந்தமாகி வென்டிலேட்டரிலிருந்து எடுப்பதும் தள்ளிப்போயிருக்கும். ஃப்யூரோசமைடை நிறுத்தி, பொட்டாசியம் குளோரைடு கொடுத்தோம். ஆறாம் நாள் பிஹெச் 7.44. மறுநாள் காலை குழாயை எடுத்தோம்.